படிவத்தில் எழுதாத விளக்கு

2003ஆம் ஆண்டு கோடை. ஜேர்மனியில், ஹனோவருக்கு வடக்கே, பைன் மரக் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அங்கால் காடுதான்.

அந்த வருடம் வானம் மழையை மறந்தே போனது. மே மாதத்தில் தொடங்கிய வெயில் விடவேயில்லை. புல் காய்ந்து, கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. காட்டுக்குள் போகும் பாதையில் ஒரு பலகை இருந்தது. காட்டுத் தீ அபாயம் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போட்டுக் காட்டும். ஜூலை பிறந்த பிறகு அது ஐந்தை விட்டு இறங்கவில்லை. ஐந்து என்றால் ஒரு பொறி போதும் என்று அர்த்தம்.

ஊரில் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்று இருந்தது. சம்பளம் இல்லை. பகலில் அவரவர் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள், சங்கு ஊதினால் ஓடி வருவார்கள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு பெண்மணியும் அதில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காட்டோர வீடுகளை முன்கூட்டியே தயார்ப்படுத்துகிற பொறுப்பை அந்த வருடம் அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு மட்டையில் படிவங்களைச் செருகிக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

என்னோடு பேசும்போது மட்டும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஜேர்மன் மொழிதான் அரைகுறை. பிறந்த ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இங்கே ஒரு பெரிய பேக்கரியில் வேலை. மா, உப்பு, அடுப்பு என்ற அளவுக்குத்தான் அந்த மொழி எனக்குள் இறங்கியிருந்தது.

ஆனாலும் அவர் கையைக் காலைக் காட்டிச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். மழைத்தண்ணீர் வடியும் கூரைப் பீலியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பைன் ஊசிகள் அடைந்து கிடந்தன. ஏணி வைத்து ஏறி, அகப்பையால் வழித்து எடுத்தேன். சுவரோடு அடுக்கியிருந்த விறகை வேலிப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன். தோட்டக் குழாயில் வீட்டைச் சுற்றி வரக்கூடிய நீளத்துக்கு ரப்பர் குழாய் பூட்டினேன். வாசலில் இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர். கடவுச்சீட்டு, விசாக் கடிதங்கள், மனைவியின் பழைய வைத்திய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் தொங்கவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை தெருவார் எல்லோரும் சேர்ந்து, வீடுகளுக்கும் காட்டுக்கும் நடுவே சருகை வாரி, மண் தெரிகிற மாதிரி ஒரு அகலமான பட்டையை உண்டாக்கினோம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஈர்க்கு விளக்குமாற்றோடு போனேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் வீட்டுக் கிழவர், எப்போதும் தலையில் தொப்பியோடு நிற்கிறவர், "சூனியக்காரி மாதிரிப் பறந்து வந்தாயா அதில் ஏறி?" என்று கேட்டார். ஆனால் அவர்களுடைய இரும்பு வாரியில் அகப்படாமல் தப்பிய ஊசிகளை எல்லாம் என் விளக்குமாறு கூட்டி எடுத்ததும், அதே கிழவர் ஒரு தரம் தானும் கூட்டிப் பார்த்தார். குனிந்தவர் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு கதை.

அடுத்த கிழமை அந்தப் பெண்மணி வந்து எல்லாவற்றையும் பார்த்து, படிவத்தில் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டார். இந்தத் தெருவிலேயே உன் வீடுதான் முதலாவது என்று சத்தமாகச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. ஆளில்லாத நேரத்தில் வீட்டுக்குள் எங்காவது நெருப்பு எரிகிறதா என்று கேட்டார். நெருப்பு என்பதற்கான ஜேர்மன் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் யோசிக்கவேயில்லை. "நெருப்பு இல்லை" என்றேன். அவர் 'இல்லை' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் நின்ற வாசலிலிருந்து பத்தடி உள்ளே, சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருடம். இரண்டு தரம் கரு உண்டாகி, இரண்டு தரமும் தங்காமல் போனது. மூன்றாம் முறை ஆறு மாதம் தாண்டியதும் வைத்தியர்கள் பயந்து, படுத்த படுக்கையாகவே இருக்க வேண்டும் என்று ஹனோவர் ஆசுபத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள். சேரும் முன் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த அன்று மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த தூண்டாமணி விளக்கை ஏற்றினாள். தூண்டாமணி என்றால் தொங்குகிற விளக்கு. எண்ணெய் தானாகவே கசிந்து திரிக்கு வரும். ஒரு தரம் நிரப்பினால் அரை நாளுக்கு மேல் எரியும். கூரையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால், யன்னலோரம் ஏற்கனவே இருந்த ஒரு கொளுக்கியில்தான் அதை மாட்டியிருந்தோம்.

"பிள்ளையாரிட்டை நேர்ந்துபோட்டன். நாப்பத்தெட்டு நாளும் விளக்கு நூராமல் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றாள். நூருவது என்றால் அணைவது.

"நான் வேலைக்குப் போகேக்கை?"

"எண்ணெயை விட்டிட்டுப் போங்கோ. அது தன்ரை பாட்டிலை எரியும்."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. வேலை முடிந்து மத்தியானம் வருவேன். குளிப்பேன். திருநீறு பூசி, எண்ணெய் விட்டு, யன்னல் பெட்டியில் பூத்த சிவப்பு ஜெரேனியம் ஒன்றைப் பறித்து வைத்து, எனக்குத் தெரிந்த நாலு வரியைப் பாடிக் கும்பிடுவேன். வேலைக்குப் போகும் முன்னும் ஒரு தரம் எண்ணெய். பிறகு வேலைத்தலத்தில் நிற்கும்போதெல்லாம் அது எரிகிறது என்ற நினைப்பே எனக்கு ஒரு தென்பு. அது எரியும் வரை என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். நெருப்பு என்று ஒருவர் கேட்டால் அந்த விளக்கு என் ஞாபகத்துக்கு எப்படி வரும்? நெருப்பு அடுப்பில் இருப்பது. இது விளக்கு.

முப்பத்தோராம் நாள். ஓகஸ்ட் மாதத் தொடக்கம். பின்னேரம் மூன்று மணி இருக்கும். எண்ணெய் விட்டு, பூ வைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து போட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். சங்கு ஊதியது. எழும்பி வெளியே பார்த்தால் மரங்களுக்கு மேலே மண்ணிறப் புகை. காட்டின் மறு பக்கத்தில் தீ பிடித்துவிட்டது. காற்று எங்கள் பக்கமாக இருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருவில் வந்தது. எல்லோரும் வெளியேற வேண்டும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு பஸ் நிற்கிறது என்றார்கள். தலைக்கவசமும் கனத்த உடுப்புமாக அந்தப் பெண்மணி கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். யன்னல்களைப் பூட்டு, வாசல் சாவியை என்னிடம் கொடு என்றார். நான் ஓடிப்போய்க் குசினி யன்னலையும் படுக்கையறை யன்னலையும் பூட்டினேன். பையைத் தூக்கினேன். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள்.

மண்டபத்தில் உட்கார நீள வாங்குகள் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். பலர் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். ஒருவர் காலில் வீட்டுச் செருப்பு. ஏழாம் வீட்டுக் கிழவர் தொப்பி இல்லாமல் வந்து, தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். நல்ல காலம், நான் ஆயத்தமாக இருந்தேன் என்று எனக்குள்ளே ஒரு நினைப்பு.

அப்போது மண்டபத்து யன்னல் ஒன்றால் காற்று அடித்தது. அங்கே தொங்கிய நீளமான திரைச்சீலை எழும்பி, உள்ளே ஒரு ஆள் நீளத்துக்கு வந்து, மெல்ல இறங்கியது.

சாமி அறை யன்னலை நான் பூட்டவில்லை. விளக்கு அந்த யன்னலோரம். திரைச்சீலை அதற்கு ஒரு சாண் தள்ளி.

கைத்தொலைபேசியை எடுத்து, பேக்கரியில் என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதை! நெருப்பில்லை எண்டு கையெழுத்து வைச்சனியெல்லோ? இப்ப உண்டெண்டு சொன்னால் வீட்டுக்காரன் உன்னைத் தூக்கி வெளியிலை போடுவான். பிள்ளைத்தாச்சிப் பெண்டிலோடை எங்கை போவாய்? எண்ணெய் முடிஞ்சால் அது தானாய் நூரும், பேசாமல் இரு" என்றார் அண்ணை.

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் எண்ணெய் அப்போதுதான் விட்டது. நள்ளிரவு தாண்டியும் எரியும். என் மனதில் இருந்த உண்மையான பயம் வீட்டுக்காரருமில்லை, கையெழுத்துமில்லை. சொன்னால் விளக்கை அணைத்துவிடுவார்கள். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. ஹனோவரில் ஒருத்தி அசையாமல் படுத்திருக்கிறாள். அந்த விளக்கை நூர்க்கச் சொல்லி நானே என் வாயால் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் இருந்தால் பதினொரு வீடு. காட்டுத் தீ ஒரு பக்கத்தால் வர, நான் மறு பக்கத்தால் ஒரு தீயை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிள்ளையாரே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். கிழவர் மறுபடியும் தலையைத் தடவினார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கால்கள் எழும்பின.

அந்தப் பெண்மணி ஆட்களைக் கணக்கெடுக்க மண்டபத்துக்கு வந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று, என் வீட்டில் ஒன்று எரிகிறது, யன்னல் திறந்திருக்கிறது என்றேன். அவர் மட்டையைப் புரட்டி, என் படிவத்தைப் பார்த்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "நெருப்பு இல்லை என்று நீதானே சொன்னாய்?"

"அது நெருப்பில்லை" என்றேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களில் தேடி, "வெளிச்சம்" என்றேன். "கடவுளுக்கு. என் மனைவிக்கு. பிள்ளைக்கு."

என் மனைவி ஆசுபத்திரியில் இருப்பது அவருக்குத் தெரியும். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. எப்படியும் தெருவை ஒரு தரம் சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம், உள்ளே போய் அணைத்துவிடுகிறேன் என்று சாவியைத் தேடி எடுத்தார்.

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. விளக்கை வாயால் ஊதக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எச்சில் படும், தெய்வத்துக்கு ஆகாது. அதற்கு ஜேர்மன் சொல் தெரியவில்லை. கன்னத்தை உப்பி "ஃபூ" என்று ஊதிக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"சரி, தண்ணீர்?" என்றார்.

தண்ணீரும் வேண்டாம் என்றேன்.

"ஊதக்கூடாது, தண்ணீர் கூடாது. பிறகு எதால்?"

"பூ" என்றேன். விளக்கடியில் வைத்த சிவப்புப் பூவால் திரியை மெல்ல அமத்த வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "இருபது வருடமாக நெருப்பு அணைக்கிறேன். பூவால் அணைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்." சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனார். முதல் தடவையாக அவர் என்னோடு கத்தாமல் பேசியிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலம் நான் எத்தனை தரம் கும்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. விளக்கு எரிய வேண்டும் என்றா, நூர வேண்டும் என்றா கும்பிட்டேன் என்பதும் தெரியாது.

அவர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரி. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை விரித்தார். சிவப்பு ஜெரேனியம். ஒரு பக்கத்து இதழ்கள் கருகியிருந்தன.

"நான் ஊதவில்லை" என்றார். பிறகு, "சப்பாத்தைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. உன் சாமியிடம் சொல்லிவிடு."

எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கழற்றி வைத்திருக்கும் செருப்புகளை அவர் இத்தனை நாளும் பார்த்து வைத்திருந்திருக்கிறார். பூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணியளவில் காற்று மாறியது. தீயை எங்கள் பக்கம் வர விடாமல் மறித்துவிட்டார்கள். வெளிச்சம் இருக்கவே வீடு திரும்பினோம். சாமி அறைக்குள் போனேன். யன்னல் பூட்டியிருந்தது. திரைச்சீலையைத் தூக்கி, உயரத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். கீழ் விளிம்பில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கருகி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால்? அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். இதைப் பற்றி அந்தப் பெண்மணி மண்டபத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிறகும் விடவில்லை. வீட்டுக்காரருக்கும் இது தெரியவராமலே போனது. சாமிப் படங்களுக்கு முன்னால், சாம்பல் பிடித்த ஒரு கனத்த சப்பாத்தின் அடையாளம் இருந்தது. அன்று அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் ஆசுபத்திரிக்குப் போனேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டு போனவன், கட்டிலடியில் குந்தியதுமே அழுதுவிட்டேன். "விளக்கு நூர்ந்து போச்சு. நான்தான் நூர்க்கச் சொன்னனான்" என்றேன்.

அவள் முழுக் கதையையும் கேட்டாள். கருகிய பூவை வாங்கிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அந்த மனிசி பூவாலையே நூர்த்தவ? நீங்கள் எண்டால் பதட்டத்திலை ஊதியிருப்பியள்."

"பகிடி விடாதையும். உம்மடை நேர்த்தி குழம்பிப் போச்செல்லோ?"

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லட்டே? பிள்ளையாருக்கு நான் நேர்ந்தது உண்மைதான். ஆனால் நான் இல்லாட்டி நீங்கள் வேலையாலை வந்து, சப்பாத்தும் கழட்டாமல், சாப்பிடாமல், யோசிச்சுக்கொண்டு படுத்துக் கிடப்பியள். விளக்கெண்டால் குளிப்பியள், எழும்பி நடப்பியள். அதுக்கும் சேர்த்துத்தான் அதை உங்களிட்டை விட்டிட்டு வந்தனான்."

முப்பத்தொரு நாளும் நான் அவளைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். படுக்கையில் கிடந்தபடி அவள் என்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தப் பூவை அவள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மிச்சம் பதினேழு நாளும் நான் வீட்டில் விழித்திருக்கும் நேரம் மட்டும் விளக்கேற்றினேன். வெளியே போகும்போது பூவால் அமத்தினேன். ஒக்டோபர் மாதம் மகள் பிறந்தாள். முதல் ஆளாகப் பார்க்க வந்தவர் அந்தப் பெண்மணிதான். வாசலில் குனிந்து, சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த வருடம் வசந்தத்தில் மறுபடியும் படிவங்களோடு வந்தார். இந்த முறை என்னையும் விளக்குமாற்றோடு கூட வரச் சொன்னார். படிவத்தைப் பார்த்தேன். நெருப்பு உண்டா என்ற கடைசிக் கேள்விக்குக் கீழே அவருடைய கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. "வெளிச்சம் உண்டா?"

ஏழாம் வீட்டுக்குப் போனோம். கிழவர் தொப்பியோடு நின்றார். பீலி, விறகு, தண்ணீர் எல்லாம் சரி. நெருப்பு என்று கேட்டதும், கிடையாது, புகைப்பதைக்கூட விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்மணி அடுத்த வரியை வாசித்தார். வெளிச்சம்?

கிழவரின் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றினார். எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். படுக்கையறையில், உடுப்பு வைக்கும் லாச்சிப் பெட்டிக்கு மேலே, இறந்துபோன அவருடைய மனைவியின் படம். படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யன்னல். யன்னலில் வெள்ளைத் திரைச்சீலை.

"இது நெருப்பென்று நான் நினைக்கவில்லை" என்றார் கிழவர்.

அந்தப் பெண்மணி திரைச்சீலையைத் தூக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

இப்போதும் ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டு இறங்கும் முன் ஒரு பூவால் விளக்கை மெல்ல அமத்துவேன். கும்பிடுகிற ஒன்றை நெருப்பென்று நினைக்க எந்த மனிதருக்கும் மனம் வராது என்பதால், அதைக் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கத் தெரிந்த ஒருவரைப் பிள்ளையார் எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி, கனத்த சப்பாத்தோடு வைத்திருந்தார் என்று அந்த ஒரு கணம் நினைத்துக்கொள்வேன்.